மூவிராசாக்களின் மறுவழி: மாதோட்டக் கத்தோலிக்க மரபில் கீழ்ப்படிதலும் கீழ்ப்படியாமையும்

ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் பற்றி எழுதுவோர், அவ்விலக்கியத்தின் உள்ளடக்கத்தை ஒரே சொற்றொடரில் அடக்கிவிடுதல் வழக்கம். இறைவன் திருவுளத்தில் நம்பிக்கை வைத்தலும், அதனை மீறுவோர் அடையும் தண்டனையுமே அதன் பொருள் என்பர். பக்தி நோக்குடையோர் இதனைப் பொறுமையின் பெருமை எனப் போற்றுவர். முற்போக்கு விமரிசகருட் பலர் இதனை அடிமைப் புத்தியின் பயிற்சி எனத் தள்ளுவர். இரு சாராரும் மதிப்பீட்டில் மாறுபட்டாலும் விளக்கத்தில் ஒன்றுபடுகின்றனர் என்பது கவனித்தற்குரியது. வேதாகமத்தில் கீழ்ப்படிதல் என்பது ஒரே பொருள் தரும் ஒரு சொல் என்றே இரு சாராரும் கொள்கின்றனர். நாமும் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இத்துறையிற் புகுந்த காலத்தில் அவ்வாறே கொண்டிருந்தோம். மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள வங்காலை போன்ற ஊர்களின் வரலாற்றோடு வைத்து அக்கதைகளை மீண்டும் படித்தபோதுதான் அக்கருத்து ஆட்டங்கண்டது. அம்மறுவாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஆதாம் ஏவாள் கதையை எடுத்துக்கொள்வோம். இக்கதை இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே உரைநடையில் விரிவாக வழங்கப்பெற்றது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாராலாகும். கோவையிற் பிறந்து 1705இல் இலங்கை வந்த இவர், சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தவர். தவக்காலத்தில் இன்றும் நினைக்கப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' இவருடையது. வேதாகம வரலாற்றைச் சொல்ல வந்த தம் நூலுக்கு இவர் 'தேவ அருள் வேத புராணம்' எனப் பெயரிட்டார். புராணம் என்ற சொல் வெறும் அலங்காரமன்று. கந்தபுராணமும் திருவிளையாடலும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அச்சொல் ஓர் ஒழுங்கை உணர்த்தும். தெய்வத்தின் ஆணை, அதனை மீறிய அகந்தை, அதன் வீழ்ச்சி, பின் அருள் என்பதே அவ்வொழுங்கு. சூரபன்மனின் வீழ்ச்சியைக் கேட்டவர் ஆதாமின் வீழ்ச்சியைக் கேட்பதற்குப் புதிதாகப் பயிற்சி பெறவேண்டியதில்லை.

ஆனால் இதனை எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார் என்று கேட்டல் வேண்டும். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தல் மரணதண்டனைக்குரிய குற்றமென அறிவித்தனர். 1687இல் யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்திலேயே இத்தீவிற் கால்வைத்தார். கொன்சால்வெஸ் அவர் வழிவந்தவர். மாந்தையில் இருந்த மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு மாதோட்டத்துக் கத்தோலிக்கர் காட்டுக்குள் ஒதுங்கிய நிகழ்ச்சியே மடுத் திருத்தலத்தின் தோற்றக் கதையாக வழங்குகின்றது. ஆகவே முதற் பெற்றோரின் கீழ்ப்படியாமையைப் போதித்த குருவும், அதனைக் கேட்ட குடியும், அரச சட்டத்தின் முன் ஒவ்வொரு நாளும் கீழ்ப்படியாதோராகவே இருந்தனர். போதனையின் சொல்லும் போதிக்கும் செயலும் எதிரெதிர்த் திசையிற் செல்கின்றன. இம்முரண்பாட்டைக் காணாது நூலின் சொற்களை மட்டும் படிப்பது, கரையில் நின்று வலையை எண்ணிவிட்டுக் கடலை அறிந்தோம் என்பதற்கு ஒப்பாகும்.

பேராசிரியர் க. கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்ற நூலில் அடங்கிய 'பேரரசும் பெருந்தத்துவமும்' என்னும் கட்டுரையில், சோழப் பேரரசின் அமைப்புக்கும் சைவசித்தாந்தத்தின் அமைப்புக்கும் உள்ள ஒப்புமையை எடுத்துக்காட்டினார். பேரரசன் எவ்வாறோ அவ்வாறே பதி. குடி எவ்வாறோ அவ்வாறே பசு. தமிழிலக்கிய விமரிசனத்திற்கு அது திறந்துவிட்ட வாயில் பெரிது. மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களுக்கும் இம்முறையைப் பொருத்திப் பார்த்தல் இயல்பே. கட்டியகாரன் முன்வந்து அறிவிக்க, அரசன் கொலுவுக்கு வருதலே இக்கூத்துக்களின் ஆட்டமுறையில் முதன்மையானது. விண்ணரசனின் மகிமையை மண்ணரசனின் ஆடை ஆபரணங்களைக் கொண்டன்றி மேடையிற் காட்டுதல் இயலாது. இவ்வளவுக்கும் கைலாசபதியின் முறை நன்கு பொருந்தும்.

அதற்கப்பாற் செல்லும்போது அது போதாது. ஏனெனில், வேதசாட்சிகளைப் பாடும் நாடகங்களில் கொலுவில் வீற்றிருக்கும் அரசன் பெரும்பாலும் கொடியவன். அவன் பொய்த்தேவரை வணங்கச் சொல்கிறான், அர்ச்சியசிட்டவர் மறுக்கிறார், மறுத்தவர் சிறையும் வாளும் அடைகிறார், அவையோர் மறுத்தவருக்காகவே கண்ணீர் விடுகின்றனர். விடியும்வரை நிகழும் ஆட்டத்தில் அரசனுக்கு உரிய தருக்கள் எத்துணை மிடுக்காயினும் அனுதாபம் அவன்பால் இல்லை. விண்ணரசன் மண்ணரசனின் சாயலில் வார்க்கப்பட்டவன்தான். ஆயினும் வார்த்து முடிந்தபின் மண்ணரசனை மறுத்தற்கான அதிகாரமும் அங்கிருந்தே பெறப்படுகின்றது. கருத்துநிலை ஆளும் வர்க்கத்தின் பிரதிபிம்பமாய் உருவாகலாம். உருவானபின் அது ஆள்வோர் கையில் மட்டும் இருப்பதில்லை. சமயத்தை மக்களின் அபின் எனக் கூறிய அதே பகுதியில், அது உண்மைத் துயரின் வெளிப்பாடும் அத்துயருக்கு எதிரான முறையீடும் ஆகும் என்பதையும் மார்க்ஸ் 1844இல் எழுதினார் என்பதை நம்மவர் பலரும் வசதியாக மறந்துவிடுவர்.

இனி நம் பொருளுக்கு நடுநாயகமாய் அமையும் நாடகத்திற்கு வருவோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து வெளிக்கொணர்ந்த மன்னார் நாடகங்களுள் 'என்றிக் எம்பரதோர்' ஒன்று, 'மூவிராசாக்கள்' மற்றொன்று. பின்னையதன் மூலக்கதை மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம். அங்கே வருவோர் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மட்டுமே. அவர்கள் மூவர் என்றோ அரசர் என்றோ மத்தேயு கூறவில்லை. பிற்கால மரபே அவர்களை மூவராக்கி முடியும் சூட்டியது. தமிழ்க் கூத்தின் கண்கொண்டு பார்த்தால் இம்மாற்றம் பெரும் பேறு. ஞானி ஒருவனுக்குக் கொலு இல்லை, அரசனுக்கு உண்டு. மூன்று அரசர், எதிரே ஏரோது என்ற நான்காம் அரசன். ஆக ஓர் இரவுக்குரிய ஆட்டம் கதையிலேயே கிடைத்துவிடுகின்றது.

ஆனால் கதையின் திருப்பம் கொலுவில் இல்லை. பாலனைக் கண்டதும் தனக்கு வந்து அறிவிக்குமாறு ஏரோது ஆணையிடுகிறான். கனவில் எச்சரிக்கப்பெற்ற ஞானிகள் வேறு வழியாகத் தம் நாடு செல்கின்றனர். அதாவது, அரச கட்டளையை மீறுகின்றனர். இறைதிட்டத்தில் நம்பிக்கை வைத்தல் இங்கே வேற்று வழியிற் செல்லுதல் எனப் பொருள்படுகின்றது. பாராவோனின் ஆணைக்கு அஞ்சாது எபிரேய ஆண்மகவுகளை உயிரோடு விட்ட சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவிச்சிகளையும் இவ்வரிசையில் வைத்தெண்ணலாம். யாத்திராகமம் பாராவோனின் பெயரைக் கூறாது இவ்விரு தொழிற்பெண்களின் பெயரைக் கூறுவது நம் நெஞ்சைத் தொடும் செய்தி.

இனி எழும் கேள்வி கடினமானது. மீறலின் விளைவை அனுபவித்தவர் யார்? ஞானிகள் பத்திரமாக ஊர் சேர்ந்தனர். யோசேப்பு கனவிற் கேட்டவாறு தாயையும் பிள்ளையையும் கொண்டு எகிப்துக்கு ஓடினார். பெத்லகேமில் எஞ்சியிருந்த இரண்டு வயதும் அதற்குட்பட்டதுமான ஆண்பிள்ளைகள் வெட்டுண்டனர். அவர்தம் பெற்றோருக்கு எக்கனவும் வரவில்லை. கீழ்ப்படியாமைக்குத் தண்டனை உண்டு என்ற போதனை இவ்விடத்தில் உடைகின்றது. மீறியவர் ஒருவர், மாண்டவர் வேறொருவர். இறையியலாளர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வர். மாசில்லாக் குழந்தைகள் திருநாள் என டிசம்பர் 28ஐ ஒதுக்கி அதனைத் திருவழிபாட்டுக்குள் அமைதிப்படுத்தியுள்ளனர். இலக்கிய விமரிசகன் அவ்வாறு கடந்து செல்லுதல் தகாது.

மூவிராசாக்கள் திருநாள் ஜனவரி 6. 1985ஆம் ஆண்டு அந்நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. அன்று வங்காலையில் இராணுவ நடவடிக்கையின்போது பங்குக் குரு மேரி பஸ்தியான் அடிகளார் கொல்லப்பட்டார். அவருடைய உடல் அவ்வூர் மக்களிடம் கையளிக்கப்படவில்லை. அந்நிகழ்ச்சியின் நாளைத் திருநாளோடு பொருத்திப் பார்ப்பது புனைவுச் சாமர்த்தியம் என எவரேனும் கருதலாம். நாம் அதைப் புனையவில்லை; நாட்காட்டி அவ்வாறு அமைந்தது. அவர் கொலையை இறைதிட்டம் என்று எவரேனும் கூறுவாராயின், அத்திட்டத்தில் ஏரோதுக்கு உரிய இடம் யாது என்பதை அவர் விளக்குதல் வேண்டும். 2006 ஜூன் மாதத்தில் அதே வங்காலையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டனர். அவருள் இருவர் சிறுபிள்ளைகள். இப்பிள்ளைகள் எவ்வாணையையும் மீறியோர் அல்லர்.

இவ்விடத்தில் பழைய ஏற்பாட்டின் இன்னொரு கதையையும் தவிர்த்தல் நேர்மையாகாது. சாமுவேல் முதலாம் ஆகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் சவுல் அரசன் அரசுரிமையை இழப்பது கீழ்ப்படியாமைக்காகவே. பிரசங்கிமார் பலியினும் கீழ்ப்படிதல் மேல் என்னும் பொருளில் இவ்வதிகாரத்தை எடுத்தாளுதல் மிகுதி. ஆனால் சவுலுக்கு இடப்பட்ட கட்டளை யாது என்பதை அவர் விரித்துரைப்பதில்லை. அமலேக்கியரில் ஆண், பெண், குழந்தை, பாலுண்ணும் மகவு எவரையும் விடாது அழித்தலே அக்கட்டளை. சவுல் செய்த குற்றம் அரசனையும் கொழுத்த ஆடுமாடுகளையும் அழியாது விட்டமை. மனிதநேயத்தால் அவன் அவ்வாறு செய்யவில்லை. கொள்ளைப்பொருள்மீது கொண்ட ஆசையே காரணம். அது வேறு. ஆயினும் மத்தேயுவில் ஏரோது செய்தால் கொடுமையாவது இங்கே கட்டளையாகின்றது. ஒரே நூற்றொகுதிக்குள் இவ்விரண்டும் அடுத்தடுத்து இருக்கையில், வேதாகமம் கீழ்ப்படிதலைப் போதிக்கின்றது எனப் பொதுப்படக் கூறுதல் பொருளற்றது. எக்கட்டளைக்கு, எவர் வாயிலாக வந்த கட்டளைக்கு, எவர் நலனுக்காக என்று கேட்டல் வேண்டும்.

மன்னாரின் சொந்த வரலாற்றிலேயே இக்கேள்விகளுக்கு ஒரு பழைய சான்று உண்டு. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னார்த் தீவு மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் அவருள் ஏறத்தாழ அறுநூறு பேர் கொல்லப்பட்டனர் என்பது வழிவழிச் செய்தி. தோட்டவெளியில் அவர் நினைவு இன்றும் போற்றப்படுகின்றது. பக்தி வரலாறு இதனை அரசனுக்கு அஞ்சாது இறைவனுக்குக் கீழ்ப்படிந்தோரின் கதையாகக் கூறும். தேசியவாத வரலாறு அந்நியருக்குத் துணைபோனோரை அரசன் ஒறுத்த கதையாகக் கூறும். இவ்விரண்டுக்கும் அடியில் முத்துக்குளிப்பின் பொருளாதாரம் கிடக்கின்றது. எதிர்க்கரையில் பரவர் 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி மதம் மாறினர். மன்னார்க் கடலின் முத்து வருவாய்மீது யாழ்ப்பாண அரசுக்கும் போர்த்துக்கேயருக்கும் ஒருங்கே கண்ணிருந்தது. கடலிற் சாவை எதிர்கொண்டு வாழும் மக்கள் தமக்கு ஒரு காவலைத் தேடினர். தேடிய காவல் வாளுக்கு முன் வந்து சேரவில்லை.

சங்கிலியைத் தண்டிக்கச் சவேரியார் படையனுப்புமாறு வேண்டினார். படையெடுப்புக்கு ஆயத்தங்கள் நிகழ்ந்தன. ஆனால் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் உடைந்து, அதன் பொருள்கள் சங்கிலியின் கைக்குப் போய்விடவே, அப்பொருள்களை மீட்கும் பேச்சுக்கு இடையூறாகும் எனக் கருதிப் படையெடுப்புக் கைவிடப்பட்டது. அறுநூறு பேரின் குருதியினும் ஒரு கப்பற் சரக்கு கனத்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியமையும் அம்மக்களின் பொருட்டு மட்டும் நிகழ்ந்தது எனக் கொள்ளுதல் கடினம். வேதசாட்சிகளின் உறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வுறுதியை முதலாக வைத்து வாணிபம் செய்தோரையே சுட்டுகின்றோம்.

கடற்றொழிலாளர் ஊரில் நின்று படிக்கும்போது புதுப்பொருள் தரும் வேதாகம நூல் யோனாஸ் தீர்க்கதரிசியினுடையது. நான்கே அதிகாரங்கள். கீழ்ப்படியாதவனுக்குக் கிடைத்த தண்டனையாகவே பிள்ளைகளுக்கு இக்கதை கற்பிக்கப்படுகின்றது: நினிவேக்குப் போகச் சொன்னால் தர்சீசுக்குக் கப்பலேறினான், புயல் வந்தது, மீன் விழுங்கியது. மீனோடு கதையை நிறுத்திவிடுவதால் விளையும் கேடு பெரிது. முதல் அதிகாரத்திற் கப்பலோட்டிகள் நடந்துகொள்ளும் முறையைக் கவனியுங்கள். அவர் வேற்றுச் சமயத்தினர். புயல் எழுந்ததும் சரக்கைக் கடலில் எறிகின்றனர். குற்றவாளி யோனாஸ் என்று சீட்டு விழுந்த பின்பும், அவனே தன்னை எறியுமாறு கூறிய பின்பும், அவர் அவனை எறியாது கரைசேரத் தண்டுவலிக்கின்றனர். முடியாதபோதுதான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எறிகின்றனர். ஓடத்தில் ஏறிய அந்நியனைக் கைவிடாமை கடற்றொழிலாளரின் அறம். நூலாசிரியர் அதனை அறிந்திருந்தார். தீர்க்கதரிசியினும் கப்பலோட்டிகளே இவ்வதிகாரத்தில் உயர்ந்து நிற்கின்றனர்.

இறுதி இரண்டு அதிகாரங்கள் இன்னும் முக்கியமானவை. யோனாஸ் கீழ்ப்படிகிறான், நாற்பது நாளில் நகர் அழியும் என அறிவிக்கிறான், நினிவே மக்கள் மனந்திரும்புகின்றனர், இறைவன் தம் முடிவை மாற்றிக்கொள்கிறார். அழிவு வரவில்லை என்றே தீர்க்கதரிசி சினக்கிறான். அவனுக்கு நிழல் தந்த செடியைப் புழு அரிக்கிறது. கீழ்காற்று அவனை வாட்டுகிறது. (அக்காற்றை மன்னார்க் கடலோடிகள் கொண்டல் என்பர், வாடையும் சோளகமும் கச்சானும் அறிந்தவர்க்கு இக்கதையில் வரும் காற்றுக்கள் வெறும் உவமை அல்ல.) ஒரு செடிக்காக இரங்கும் நீ, இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மாந்தரும் பல மிருகசீவன்களும் வாழும் நகரத்துக்காக நாம் இரங்கலாகாதா என்ற கருத்துப்பட இறைவன் கேட்கும் கேள்வியோடு நூல் முடிகின்றது. யோனாசின் மறுமொழி இல்லை. இறைதிட்டம் என்பது கல்லில் எழுதியது, அதனை மாற்ற இயலாது என்று போதிப்போருக்கு இந்நூல் பெருஞ்சங்கடம். மக்கள் தம் நடத்தையை மாற்றியதால் திட்டமே மாறியது. விதியை நம்பிக் கிடத்தலுக்கு இதனைச் சான்றாக்குவோர் நூலை முழுமையாகப் படித்தவராகார்.

மேனாட்டில் இவ்வகை வாசிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலப் புரட்சி தோற்றபின் 1667இல் வெளிவந்த மில்ற்றனின் 'இழந்த சுவர்க்கம்' கீழ்ப்படியாமையைப் பாட வந்த காவியம். ஆனால் அதனை இயற்றியவர் அரசனின் சிரச்சேதத்தை ஆதரித்து எழுதியவர். ஏர்ண்ஸ்ற் புளொக் என்னும் ஜெர்மானிய மார்க்சியவாதி 1968இல் வெளியிட்ட 'கிறிஸ்தவத்தில் நாத்திகம்' என்ற நூலில் யோபுவைப் பொறுமையின் திருவுருவாகவன்றி இறைவனையே வழக்குக்கு இழுத்தவனாகக் கண்டார். இவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை. நமக்கு அண்மையது ஒன்றுண்டு.

கொழும்பில் 1971இல் சமூக சமய நடுநிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார், 1990இல் வெளியிட்ட 'மரியாளும் மானிட விடுதலையும்' என்ற நூலில் ஜென்மபாவம் பற்றிய மரபுவழிப் போதனையைக் கேள்விக்குள்ளாக்கினார். முதற் பெற்றோர் ஒருமுறை கீழ்ப்படியாதமையால் மனுக்குலம் முழுவதும் பிறவியிலேயே குற்றவாளி என்னும் கொள்கை, ஆசிய மக்களைத் திருச்சபையின் இரட்சிப்புக்கு எக்காலமும் கடன்பட்டவராக்குகின்றது என்பது அவருடைய வாதத்தின் சாரம் எனலாம். வத்திக்கான் தந்த விசுவாசப் பிரமாணத்தில் ஒப்பமிட மறுத்தமையால் 1997 ஜனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. கீழ்ப்படியாமை பற்றிய கொள்கையை வினவியவர் கீழ்ப்படியாமைக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதில் உள்ள முரண்நகையை அப்போது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலர் எழுதினர். தமிழில் நம்மிடையே அவ்விவாதம் போதிய அளவு நிகழவில்லை என்பதே எமது கருத்து. அக்காலத்தில் எம்மக்கள் மடுவிலும் அகதி முகாம்களிலும் கிடந்தனர் என்பது அதற்கு ஓரளவு நியாயமாகும், முழு நியாயமாகாது. மறையியலை மேற்றிசையார் விவகாரமென ஒதுக்கும் சோம்பலும் நம் முற்போக்கு அணியிடம் இருந்தது.

மடுவைச் சொன்னதால் ஒன்று நினைவு வருகின்றது. ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்கு ஓடிய திருவுருவம், 2008 ஏப்ரலில் போருக்கு அஞ்சி மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு ஓடியது; ஓகஸ்டில் திரும்பியது. அதற்கு முன் 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது எறிகணை விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். நம்பிக்கை வைத்து வந்தோருக்கு இதுவே விளைவு. இக்கணக்கைத் தீர்க்கும் இறையியல் எதனையும் நாம் அறியோம். ஆனால் அம்மக்கள் அதன்பின்னும் மடுவுக்குப் போவது அறியாமையால் அன்று. கூடிநிற்க அவர்க்கு வேறோர் இடத்தை எந்த அரசும், எந்தக் கட்சியும் தரவில்லை. நமது கட்சிகளையும் இதில் விலக்கிவிடுவதற்கில்லை.

முடிவாக, கடற்றொழிலோடு நேரே தொடர்புடைய ஒரு பகுதியைச் சுட்டுதல் வேண்டும். லூக்காஸ் 5ஆம் அதிகாரத்தில் இராவெல்லாம் உழைத்து ஒன்றும் பிடிபடாத இராயப்பர், சொல்லை நம்பி வலையை இறக்குகிறார்; வலை கிழியுமளவுக்கு மீன் படுகின்றது. கடற்கரைப் பங்குகளில் இறைதிட்டத்தில் நம்பிக்கை வைப்பதற்கு இதனினும் பொருத்தமான கதை இல்லை. இக்கதையைக் கேட்பவர் எவர் என்று பார்ப்போம். படகும் வலையும் உடைய சம்மாட்டி ஒரு புறம். பங்குக்கும் முற்பணத்துக்கும் தொழில் செய்பவன் மறுபுறம். நிறைந்த வலை இருவருக்கும் ஒரே அற்புதமாவதில்லை. படகுக்குரியது, வலைக்குரியது என ஒதுக்கியபின் எஞ்சுவதே தொழிலாளியின் பங்கு. அதிலும் வாங்கிய முற்பணம் கழிக்கப்படும்.

இராயப்பரின் கூட்டாளிகளாகிய யாகப்பரும் அருளப்பரும் அழைப்புக்குக் கீழ்ப்படிந்து உடனே புறப்பட்டதை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் கூறுகின்றது. அவர் தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுச் சென்றனர் என்பது அவ்வசனத்தின் செய்தி. அப்போஸ்தலரைப் பற்றிய ஆயிரம் பிரசங்கங்களில் அக்கூலியாட்கள் இடம்பெறுவதில்லை. அழைப்பு அவர்க்கு வரவில்லை. ஆகவே கீழ்ப்படிந்தோர் எனவோ மீறினோர் எனவோ அவரைக் கூறுதல் இயலாது. இரண்டு கைகள் குறைந்த அப்படகில் மறுநாளும் வலை இழுத்தவர் அவர்களே.